அக்கா வைத்த முறை

இந்த நினைவு மலரை அச்சடிப்பதற்காகக் கோரிப்பாளையத்தில் ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். கடைக்காரர், “யாருக்குண்ணே, அம்மாவுக்கா?” என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். “அப்ப ‘பாசத்தின் திருவுருவம்’னு போட்டுருவோம். பொம்பளையாளுகளுக்கு அதான் போய்க்கிட்டு இருக்கு” என்று மாதிரிக்கு நாலைந்து மலர்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். எல்லாவற்றிலும் பாசத்தின் திருவுருவங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. எங்கள் அக்கா அப்படி எந்நேரமும் சிரித்த முகமாக இருந்தவர் இல்லை. கட்டுரையை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி, நாலு நாள் தவணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது. அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இதைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் அக்கா வாழ்ந்த ஊரின் மேலத்தெருவிலிருந்தும் வந்திருப்பீர்கள், காலனியிலிருந்தும் வந்திருப்பீர்கள். ஊரில் அருவாளும் நாட்டு வெடியும் பேசிய காலத்தில் அக்கா செய்த காரியத்தை ஒரு தெரு ஒரு மாதிரி சொல்கிறது, மறு தெரு வேறு மாதிரி சொல்கிறது. கூடப் பிறந்த நான் மூன்றாவது மாதிரி சொல்வேன். மறுநாள் அதையும் மாற்றிச் சொல்வேன். மச்சானின் வலது கையை வெட்டிய தெருவில் ஒருவரை அக்கா அண்ணனாக வைத்துக்கொண்டார். அந்த அண்ணன் எனக்கு யார்? இத்தனை வருடமாக எனக்கு விளங்காமல் கிடப்பது இதுதான். தெளிந்த பிறகு எழுதலாம் என்றால் இந்த மலர் பத்தாம் ஆண்டு நினைவுக்குத்தான் வரும். குழப்பத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம், திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு சின்ன ஊரில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. நான் பிறந்தபோது அக்காவுக்கு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியும் வயது. அப்பா காய்ச்சலில் போன வருடம், ஐந்தாம் வகுப்போடு அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. அதன்பிறகு நடவு, களையெடுப்பு, கடலை ஆய்வது என்று அம்மாவோடு அக்காவும் கிளம்பிவிட்டார். அந்தக் கூலியில்தான் நான் மதுரையில் ஐ.டி.ஐ. படித்தேன். விடுமுறைக்கு வந்த ஒரு நாள் மனசு நெகிழ்ந்து, நீதான் எனக்கு இன்னொரு அம்மா என்று ஏதோ சொல்லிவிட்டேன். “அம்புட்டுப் பாசம் இருந்தா ஒஞ் சட்டைய நீயே தொவ” என்றார். நெகிழ்ச்சியெல்லாம் அக்காவிடம் அவ்வளவு நேரம்தான் நிற்கும்.

பக்கத்து ஊரில் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். மச்சான் கொத்தனார். பூச்சு வேலையில் கை சுத்தம் என்று மேலூர் வரைக்கும் கூப்பிடுவார்கள். எனக்குக் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்து, நான் அந்தப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டேன். அக்காவுக்கு ஒரு மகள், ஒரு மகன். சொந்தமாக ஓட்டு வீடு, ரெண்டு ஆடு. சச்சரவு வருவதற்கு முன் அக்கா குடும்பம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நிலம் வைத்திருந்தவர்கள் மேலத்தெரு. அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள், அக்கா வீட்டையும் சேர்த்து, காலனி. நடுவில் கண்மாய்க்கரை. மதுரையில் டீக்கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தாலும் அண்ணே என்போம். வயதில் சின்னவனைக்கூடச் சொல்வோம். வாய்க்கு ஒரு செலவும் இல்லை. அக்கா ஊரில் அப்படி இல்லை. காலனிக்காரர் மேலத்தெருவின் பொடிப்பயலைக்கூட ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்கள் எங்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லி, அடா போட்டுக் கூப்பிடுவார்கள். அண்ணன், தம்பி, மதினி என்று முறை வைத்துக் கூப்பிடும் வழக்கம் கண்மாய்க்கரையைத் தாண்டாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடந்தது எல்லாமே இதில்தான் நடந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் கண்மாய் மீன் ஏலத்தில் காலனி இளவட்டங்கள் முதல் தடவையாகக் கேள்வி கேட்டார்கள். காலங்காலமாக மேலத்தெருவே எடுத்துவந்த ஏலம். அன்றைக்கு ஆரம்பித்தது. பஸ்ஸில் கல் விழுந்தது, வைக்கோல் படப்பு எரிந்தது, காலனியில் கூரைகள் எரிந்தன. ஒரு நாள் பொழுது மசங்கும் நேரத்தில் கண்மாய்க்கரையில் இரண்டு தெருவும் ஆயுதத்தோடு மோதிக்கொண்டன. யார் முதலில் இறங்கியது என்பதற்கு இரண்டு தெருவிலும் இரண்டு கதை இருக்கிறது. மச்சான் சண்டைக்குப் போகவில்லை, வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவர் வலது கையில் வெட்டு விழுந்தது. எங்கள் ஆட்கள் வீசிய நாட்டு வெடியில் மேலத்தெரு தங்கராசு என்பவருக்குக் கால் சிதைந்தது. இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே வார்டு. சில கட்டில் தள்ளி எதிரெதிரே போட்டார்கள்.

தங்கராசு பக்கத்து ஆண்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வந்தால் வாசலிலேயே போலீஸ் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கமும் அதே கதைதான். ஊரோடு சம்பந்தமில்லாத நான் மட்டும் ஷிப்ட் முடிந்து போய்வந்தேன். தங்கராசுவின் மனைவி பாண்டியம்மா கைக்குழந்தையோடு தனியாக நின்றார். மதுரைக்கு அதற்குமுன் சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் வந்தவராம். டீ எங்கே கிடைக்கும், மருந்துச் சீட்டை எங்கே நீட்டுவது, எதுவும் தெரியாமல் வராந்தாவில் குழந்தையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு அழுவார். அக்கா அவரைப் பார்க்காதது மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் பாண்டியம்மா ரத்த வங்கி வரிசையில் நிற்கப் போயிருந்தார். நான் மச்சானுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த அக்கா தங்கராசு கட்டிலைக் கடக்கும்போது, அவர் காய்ச்சல் வேகத்தில் ஏதோ முனகிக்கொண்டு எழுந்து இறங்கப் பார்த்தார். அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“அண்ணே, எந்திரிக்காதீகண்ணே. டியூப்பு புடுங்கிக்கிரும்.”

சத்தம் கேட்டு வந்த நர்ஸ், “யாரும்மா நீ? கூட இருக்க ஆளத் தவிர மத்தவங்கள்லாம் வெளிய போங்க” என்று விரட்டினார். அக்கா தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. “அண்ணன்னு சொன்ன, கூடப் பொறந்த தங்கச்சியா?” என்று கேட்டார் நர்ஸ். அக்கா ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

அன்றைக்கு நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்தில் வராந்தாவில் இரண்டு தெருப் பெண்களும் நிறைந்திருந்தார்கள். வார்டு வாசலில் நின்று அந்த நர்ஸ் கூப்பிட்டார்: “தங்கராசு தங்கச்சி! தங்கராசு தங்கச்சி யாரும்மா, வா, மருந்து வாங்கணும்!” அத்தனை பேச்சும் நின்றது. மேலத்தெருவில் தங்கராசுவுக்குத் தங்கச்சியே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். அக்கா முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனார். இல்லை என்று ஒரு வார்த்தை தங்கராசு சொல்லியிருக்கலாம். அவர் விழித்துத்தான் இருந்தார். சொல்லவில்லை. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னக்கா கூத்து இது?” என்றேன்.

“வாய் தவறி வந்துருச்சுடா. மதுரைக்கு வந்தா எல்லாரையும் அண்ணேங்குறோம்ல, அந்தப் பழக்கத்துல வந்துருச்சு. இப்ப இல்லைன்னா வெளிய பத்திவிட்டுருவாக. அந்தப் புள்ள வேற கைப்பிள்ளையோட கெடக்கு.”

நான் நம்பினேன். பிறகு நம்பவில்லை. எங்கள் அக்கா வாய் தவறுகிற ஆளே இல்லை. சந்தையில் அரைக்கிலோ கத்தரிக்காய்க்கு வாதாடினாலும் யோசித்துத்தான் வாதாடுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஊர் இன்னும் மோசமானது. இரண்டு தெரு ஆண்களும் கடலைக்காட்டிலும் உறவினர் ஊர்களிலும் ஒளிந்தார்கள். ஊரில் மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும் மட்டும். தேடி வந்த போலீஸார் கதவை உதைத்தார்கள், அரிசிப் பானையை உடைத்து மண்ணில் கொட்டினார்கள், கேட்கக் கூசும் வார்த்தைகளைக் கேட்டார்கள். வயசுப் பெண்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் நாலைந்து வீடாக ஒரே வீட்டில் சேர்ந்து படுத்தார்கள். தலைமாட்டில் மிளகாய்ப்பொடி வைத்துக்கொண்டார்கள். மேலத்தெருவிலும் இதே கதைதான் என்பதை நான் ரொம்ப நாள் கழித்து பாண்டியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் பயப்படுகிறவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரண்டு பக்கத்து ஆண்களும் போனார்கள், கை குலுக்கினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் இன்னும் சில பெண்களும் கூப்பிடாமலே போய் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அதிகாரி வந்து, நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாராம். “எங்க வீட்டு ஆம்பளைகளக் காட்டுல தேடிக்கிட்டு இருந்தோம். இங்கன டீயும் வடையும் குடுக்குறீகன்னு சொன்னாக, அதான் பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்” என்றாராம் அக்கா. அடுத்த வாரமே இன்னொரு படப்பு எரிந்தது.

அந்த நாட்களில்தான் ரேஷன் கடை வரிசையில் பாண்டியம்மா, எல்லார் காதிலும் விழும்படி, “மதினி, இங்கன வாங்க, எனக்கு முன்னால நில்லுங்க” என்று அக்காவைக் கூப்பிட்டார். மேலத்தெருப் பெண் காலனிப் பெண்ணை மதினி என்பதாவது! புருஷனின் தங்கச்சி என்று ஒருவர் வார்டில் தலையாட்டிவிட்டார், அதனால் எனக்கு மதினி. பாண்டியம்மாவின் கணக்கு அவ்வளவு நேரானது. அவர் மாமியார் வீட்டில் அன்று அவருக்குச் சோறு போடவில்லை என்று கேள்விப்பட்டேன். அக்கா வரிசையில் முன்னால் போய் நின்றார்.

மேலத்தெருவில் கடலை பறிக்க ஆள் இல்லாமல் காட்டிலேயே முளைக்க ஆரம்பித்திருந்தது. காலனியில் கை இருந்தது, கூலி இல்லை. அக்காவும் பாண்டியம்மாவும் கண்மாய்த் தண்ணீர் வழியும் கலுங்கில் துணி துவைக்கிற சாக்கில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். காலனிப் பெண்கள் கடலை பறிக்க வருவார்கள். அதற்குப் பதிலாக, ஒளிந்திருக்கும் ஆண்கள் எங்கே என்று எந்தத் தெருப் பெண்ணும் அடுத்த தெரு ஆணைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அவரவர் வீட்டு ஆண்கள் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கி வைப்பது அவரவர் பொறுப்பு. அருவாமனையைக்கூட ஒளித்துவைத்துவிட்டு, காய் நறுக்க இல்லாமல் கீரை கிள்ளிச் சமைத்தோம் என்று ஒரு சித்தி என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆண்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். திரும்பியவர்கள், ஏன் எதற்கு என்று தெரியாமலே, சும்மா இருந்தார்கள்.

அந்தப் பொங்கலுக்கு மேலத்தெருவிலிருந்து ஒரு வேலையாள் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் கூடையில் வைத்துக் கொண்டுவந்து அக்கா வாசலில் இறக்கினான். தங்கராசு அனுப்பியதாம். காலனி கூடிவிட்டது. அக்கா கூடையைத் தொடவில்லை.

“போயி ஒங்க மொதலாளிட்டச் சொல்லு. சீருன்னா அண்ணன்தான் கொண்டாரணும். ஆள்ட்டக் குடுத்துவிட்டா அது சீரு இல்ல, கூலி. கூலி வாங்குற அளவுக்கு நான் இன்னும் வேல பாக்கல.”

கூடை திரும்பிப் போனது. நான் என் பங்குக்குக் கரும்பும் வெல்லமும் வாங்கிக்கொண்டு, வழக்கம்போலத் தாமதமாகப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கண்மாய்க்கரையில் ஒரே கூட்டம். தங்கராசு கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டிக் காலனிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பின்னால் கூடையோடு பாண்டியம்மா. மேலத்தெரு ஆண்கள் அவர்கள் தெரு முனையிலேயே நின்றுவிட்டார்கள். காலனி இளவட்டங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல் விழுந்திருந்தால் போதும், அன்றைக்கு மறுபடியும் எல்லாம் எரிந்திருக்கும். விழவில்லை. அவர் அக்கா வாசலில் நின்று, “தங்கச்சி, சீரு கொண்டாந்திருக்கேன்” என்றார். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார். பின்னாலேயே நானும் கரும்போடு நின்றதைப் பார்த்த அக்கா, “நல்லாப் போச்சு, எனக்கு ரெண்டு பொறந்த வீடு. யாரு வெல்லத்துல மண்ணு கம்மியா இருக்குன்னு பொங்கல வச்சுப் பாத்துருவோம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது மச்சான் கூண்டில் ஏறி, பொழுது மசங்கிவிட்டது, வெட்டியது யார் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேலத்தெருவும் வெடி வீசியவர் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு வழக்கும் ஒன்றுமில்லாமல் போயின. காலனியில் சிலர், “கையக் குடுத்துட்டுக் கரும்பு வாங்குன வீடு” என்று பேசினார்கள். சில விசேஷங்களுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. சாந்துக் கரண்டியே பிடிக்க முடியாத கையோடு மச்சான் சித்தாளுக்கும் கீழான வேலைக்குப் போய்வந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்குப் போய் அக்காவிடம் சத்தம் போட்டேன். வெட்டியது தங்கராசுதானே, தெரிந்துதானே செய்தாய் என்று கேட்டேன்.

“தெரிஞ்சா நீ என்ன செய்வ?” என்றார். “நாலு வார்த்த பேசிட்டு பஸ் ஏறிக் கப்பலூர் போயிருவ. நாங்க இங்கனதான் இருக்கணும். எம் பிள்ளைக இந்தக் கரையிலதான் பள்ளிக்கூடம் போகணும்.”

அப்படியென்றால் ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? நான் பஸ் ஏறிக் கப்பலூர்தான் வந்தேன்.

அதன்பிறகு அந்த ஊரில் ரத்தம் சிந்தவில்லை. மீன் ஏலம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காலனிக்கு வந்தது. அதற்காகப் பாலும் தேனும் ஓடியது என்று எழுதினால் பொய். டீக்கடையில் தனி டம்ளர் போக இன்னும் சில வருடம் ஆனது. ஐயா என்று கூப்பிடுவது முழுசாக இன்றைக்கும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கராசு கம்பை ஊன்றி வந்தார். அக்கா மகள் காதுகுத்துக்கு மாமன் சீர் எடுத்து வந்தார். அவர் தாயார் இறந்தபோது அக்கா மேலத்தெருவின் நடுவீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். இதற்குச் சமாதானம் என்று பெயரா? முறை செய்வதில் மும்முரமாக இருந்ததால் சண்டை போட நேரமில்லாமல் போய்விட்டதா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. என் வீட்டில் வைத்துப் பார்த்தோம். பாண்டியம்மா மாற்றி மாற்றி வந்து துணைக்கு இருந்தார். கடைசி நாட்களில் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. என்னையே, “எந்தூருப்பா நீ?” என்று கேட்டார். சிரித்தேன், பிறகு பின்வாசலுக்குப் போய் அழுதேன். “அண்ணே வந்துருச்சா?” என்று இரண்டு தடவை கேட்டார். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன், அதுவும் தம்பி. யாரைக் கேட்டார்? தங்கராசுவையா, அல்லது மதுரைக்காரர் யாரையும் அண்ணே என்பது போல டாக்டரையா, ஆட்டோக்காரரையா? கேட்டுத் தெளிவதற்குள் அக்கா போய்விட்டார்.

ஊருக்குக் கொண்டுபோனோம். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும். உடன்பிறந்தவர்களில் மூத்தவர் முதலில் சேலை போர்த்துவார், பிறகு இளையவர், அப்புறம்தான் மற்ற உறவுகள். குளிப்பாட்டிக் கிடத்தியதும் காரியம் பார்ப்பவர், “பொறந்த வீட்டுக் கோடி! மூத்தவுக முன்னால வாங்க!” என்று கூப்பிட்டார். நான் சேலையை எடுத்துக்கொண்டு அடி வைத்தேன். தெரு முனையில் சலசலப்பு. தங்கராசு தட்டில் கோடிச் சேலையோடு நின்றார். பக்கத்தில் பாண்டியம்மா. காலனிப் பையன்கள் குறுக்கே நின்றார்கள். “உயிரோட இருக்கும்போது நடந்த கூத்து போதும். போங்க” என்றான் ஒருவன். கண்மாய்க்கரையில் மேலத்தெரு ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார்.

“இது எங்க வீட்டுக் காரியம் இல்ல மாப்ள. பொறந்த வீட்டுக் காரியம். யாரு பொறந்த வீடுன்னு நீதான் சொல்லணும்.”

நான் தெரு முனைக்கு நடந்தேன். பையன்களைத் தாண்டி அவர் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டேன். அத்தனை வருடம் அக்காவிடம் கேட்டுப் பதில் வராத அதே கேள்வி. “எங்க மச்சான் கைய வெட்டுனது நீங்களா?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கே தெரியல தம்பி. கையில அருவா இருந்துச்சு, வீசுனேன். யாரு மேல விழுந்துச்சுன்னு பாக்கல. பெறகு வெடி விழுந்துருச்சு. ஆஸ்பத்திரியில கொத்தனாரு பொண்டாட்டியப் பாத்ததும், ஒம் புருசன நான்தான் வெட்டுனேனோ என்னமோ தாயின்னு சொல்லிட்டு எந்திரிச்சு ஓடப் பாத்தேன்.”

“அக்கா என்ன சொல்லுச்சு?”

“நான் அதச் சொன்ன பெறகுதான் அண்ணேன்னு கூப்புட்டுச்சு.”

அப்படியானால் வாய் தவறவில்லை. அல்லது, காய்ச்சல் வேகத்தில் எழுந்து ஓடுகிறவனை அமர்த்த வாய்க்கு வந்த ஒரு வார்த்தைதானா அது? பின்னால் மச்சான் நிற்கிறார். அவருக்கு இது தெரியுமா? முன்னால் நிற்பவர் வெட்டியவராகவும் இருக்கலாம், வெட்டாதவராகவும் இருக்கலாம். போ என்றால் என் மனசு ஆறும். ஆனால் அக்காவைத் தூக்குவதற்குள் கண்மாய்க்கரையில் அருவாள் வரும். வா என்றால் மச்சானின் கைக்கு நான் என்ன பதில் சொல்வது? பயத்தில் சொன்னேனா, பாசத்தில் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. பையன்களிடம் திரும்பிச் சொன்னேன்.

“வழி விடுங்கப்பா. மூத்தவரு மொதல்ல போகட்டும்.”

அவர் நொண்டிக்கொண்டு போய் அக்கா மேல் சேலையைப் போர்த்தினார். ஒரு கையில் கம்பு இருந்ததால் ஒரு பக்கம் சரிந்தது. மச்சான் குனிந்து, இடது கையால், அந்த ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதன்மேல் நான் என் கோடியைப் போட்டேன். போட்டுவிட்டு அக்கா காலடியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

செய்தது சரியா என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. தங்கராசுவைப் பார்த்தால் சில நாள் வயிறு எரிகிறது, சில நாள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். அக்கா இருந்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கேலி செய்திருப்பார்.

அக்காவின் சிகிச்சையில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அக்காவை ஊருக்குக் கொண்டுபோக வேனை எடுத்து வந்த ஓட்டுநருக்கும், விடுப்புக் கொடுத்துப் பொறுத்துக்கொண்ட என் பட்டறை முதலாளிக்கும், இரவு பகல் பாராமல் காரியங்களைச் செய்த காலனி இளைஞர்களுக்கும், கண்மாய்க்கரையில் கடைசிவரை அமைதியாக நின்ற மேலத்தெருப் பெரியவர்களுக்கும், நேரில் வந்தும் போனிலும் துக்கம் விசாரித்த உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

அச்சுக்குப் போகுமுன் இதைப் படித்துப் பார்த்த அக்கா மகள், நன்றியில் தங்கராசு மாமா, பாண்டியம்மா அத்தை பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றாள். விட்டுப்போகவில்லை, நான்தான் போடவில்லை. கூடப் பிறந்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை.